ஆறாவது கோல்

தேவானை கோல்கீப்பர் ஆனதே ஒரு சண்டையில்தான். அடையாற்றங்கரையில், கோட்டூர்புரம் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த குடிசைப் பகுதியில் பிறந்தவள் அவள். ஆற்றோரத் திட்டில் பையன்கள் பந்தாடுவார்கள். பெண்ணைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அவள் பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். ஒழியட்டும், யாருக்கும் பிடிக்காத இடத்தில் நிற்கட்டும் என்று இரண்டு செங்கல்லுக்கு நடுவே அவளை நிறுத்தினார்கள். அன்றைக்கெல்லாம் வேண்டுமென்றே அவள் முகத்தைப் பார்த்துத்தான் அடித்தார்கள். மூக்கில் ரத்தம் வந்தது. அவள் நகரவில்லை. மறுநாள் அவர்களே கூப்பிட்டார்கள்.

மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அணி வரை போனாள். அதற்கு மேல் போகவில்லை. மாநில முகாமுக்குப் போனவளைச் சுவரோடு சேர்த்து நிற்கவைத்து அளந்து, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். பந்தைப் போட்டுப் பார்க்கவே இல்லை. "ஒரு பந்து போட்டுப் பாத்துட்டுச் சொல்லேன்" என்று அந்தப் பயிற்சியாளரைப் பார்த்து அவள் சொன்னது பல வருஷம் பேசப்பட்டது. கோபக்காரி என்கிற பேர் அங்கேதான் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் சும்மா இருந்தால்கூட, இன்றைக்கு இவளுக்கு என்ன கோபம் என்று கேட்டார்கள்.

பெருவெள்ளம் வந்து வடிந்ததும் அதிகாரிகள் வந்தார்கள். ஆற்றோரத்தில் இருப்பது ஆபத்து என்றார்கள். அதே ஆற்றோரத்தில் நின்ற பெரிய கட்டடங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை போலிருந்தது. தேவானையின் குடும்பத்தைச் சட்டி பானையோடு லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் கொண்டுபோய் விட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு ஓர் ஆட்டம் இருந்தது. லாரியில் பீரோவைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியிருந்ததால் போகவில்லை. அவள் இல்லாத அணி தோற்றது. அந்த லாரியைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அவள் குரல் மாறிவிடும்.

அங்கேதான் செந்தில்குமாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் ஆட்டோ ஓட்டுகிறான். பொறுமைசாலி. தி.நகரில் ஐந்து மாடி எழுப்பியிருந்த பேச்சியம்மாள் சில்க்ஸில் அவளுக்கு வேலை கிடைத்தது. கீழ்த்தளத்தில் நைட்டிப் பிரிவு. காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நின்றபடி வேலை. மேலே பட்டுப் பிரிவில் மட்டும் மெத்தை விரித்து உட்கார்ந்து சேலை விரித்துக் காட்டுவார்கள். அந்த மெத்தைமேல் கீழ்த்தளத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரு கண்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ராயப்பேட்டை ஸ்டார் என்ற சின்னப் பெண்கள் அணிக்குக் கோல் காத்தாள். அசோகன் என்பவர் நடத்திய அணி. முன்பு நன்றாக ஆடியவர், எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். லீக்கில் நடுவிலேயே கிடக்கும் அணி. மேலே போகாது, கீழேயும் விழாது. தி.நகரில் ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் என்பதால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் லீவுக்குச் சண்டை போடவேண்டியிருந்தது. தளத்து மேலாளர் மாணிக்கவாசகம் அண்ணாச்சி முதலில் முடியாது என்பார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்வார்.

பிறகு முதலாளியின் மகன் ராகேஷுக்குப் பெண்கள் கால்பந்தின்மேல் ஆசை வந்தது. கடைப் பெயரில் ஓர் அணியை ஆரம்பித்தான். தேவானை அவன் அறைக்கே போய், நான் கோல்கீப்பர், நம்ம கடைக்கு ஆடுகிறேன் என்றாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, இது ஸ்டாஃப் விளையாட்டு இல்லை, வெளியிலிருந்து நல்ல ஆட்களைக் கொண்டுவருகிறோம் என்றான். சொன்னபடி கொண்டுவந்தான். சீருடை, பேருந்து, பிசியோ எல்லாம் வந்தது. கடை வாசலில் அந்தப் பெண்களின் பெரிய படம் மாட்டினார்கள். அதன் அடியில் நின்றுதான் தேவானை தினமும் பையைச் சோதனைக்குக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

போன வருஷம் லீக் கோப்பை கடைசி வாரம் வரை இழுத்தது. கடை அணிக்கும் மந்தைவெளி அணிக்கும்தான் போட்டி. மந்தைவெளி அணியில் பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கடைசி ஆட்டம். கடை அணிக்கு ஞாயிற்றுக்கிழமை, ராயப்பேட்டை ஸ்டாரோடு. இரண்டையும் ஒரே நேரத்தில் வைப்பதுதான் முறை. மைதானம் கிடைக்கவில்லை என்று லீக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மந்தைவெளி ஜெயித்ததும் கணக்கு பளிச்சென்று தெரிந்துவிட்டது. கடை அணி ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் புள்ளிகள் சமம். அப்போது கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். ஆறு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் கோப்பை கடைக்கு. ஐந்து என்றால் மந்தைவெளிக்கு.

அந்த வாரம் தேவானைக்கு ஓர் அதிசயம் நடந்திருந்தது. அவள் கேட்காமலேயே வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வந்து, ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டாச்சு, போயிட்டு வா என்றார். அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

சனிக்கிழமை ராத்திரியும் கடையில் கால் வைக்க இடமில்லை. ஒரு அம்மாளுக்கு அவள் நைட்டி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். திருநெல்வேலிக்காரர். கடைசி வரை அந்தப் பேச்சை விடாதவர்.

"நாளைக்கு நம்ம கடைக்கு ஆறு கோல் வேணுமாம்லா. கொறையக் கூடாதாம். எனக்கு இந்தப் பந்தாட்டம்லாம் ஒண்ணும் தெரியாது பாத்துக்கோ. சின்ன மொதலாளி சொல்லச் சொன்னாவ. தீவாளி முடிஞ்சதும் ஒன்னைய மேல பட்டுக்கு மாத்திருவோம்."

டீ வாங்கிவரச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பதிலுக்குக்கூட நிற்கவில்லை. அந்த அம்மாள், இதில் மெரூன் கிடைக்குமா என்று கேட்டாள். தேவானை மெரூனைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பேருந்தில் ஏறி, வேளச்சேரி தாண்டிய பிறகுதான் அவளுக்கு உள்ளே பற்றிக்கொண்டது. மிரட்டியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. கெஞ்சியிருந்தால் யோசித்திருப்பாளோ என்னவோ. அவர்கள் இரண்டும் செய்யவில்லை. சரி என்பாள் என்று முடிவு கட்டி, லீவும் போட்டுவிட்டுத்தான் சொல்ல வந்திருக்கிறார்கள். ஆடுவதற்கு நான் ஆகமாட்டேன், விடுவதற்கு மட்டும் ஆவேனா என்று வழியெல்லாம் அவள் வாய்க்குள் பேசிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் செந்தில்குமார் முழுவதையும் கேட்டான். ஜுரம் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடு என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அணியின் இன்னொரு கோல்கீப்பர் மணிக்கட்டு ஒடிந்து கிடந்தாள். தேவானையும் போகாவிட்டால் யாரோ ஒரு பெண்ணுக்குக் க்ளவுஸை மாட்டி நிறுத்துவார்கள். ஆறு என்ன, பன்னிரண்டு போகும். வேலையும் தப்பிக்கும், பழியும் வராது.

"எங்கிட்ட கேக்காமயே முடிவு பண்ணிக்கினு வந்து சொல்றான்யா" என்றாள் அவள். "நான் இன்னா, அவன் கடை பொம்மையா?"

அவன் எழுந்துபோய் அவளுக்குச் சோறு போட்டான்.

மயிலாப்பூர் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் ஆட்டம். மழைக்குப் பிறகு புல் முளைத்திருந்தாலும் கோல் வாய் மட்டும் சேறு காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. ஒரு பக்கம் கடைக்காரர்கள் நாற்காலி போட்டு, பொக்கேயும் பட்டாசுப் பெட்டியும் தயாராக வைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கப் படிக்கட்டில் மந்தைவெளிப் பெண்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் கோல் விழுந்தபோதே தேவானைக்குத் தெரிந்துவிட்டது. இடதுபுறத்தில் நின்றவள் எதிராளிக்கு வாசல் திறந்து விடுவதுபோல ஒதுங்கினாள். இரண்டாவது கோலுக்கு, கோலுக்கு முன்னால் நின்று தடுக்கவேண்டிய ஸ்டாப்பர் வேம்பு ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். தேவானை கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். திரும்பிப் பார்த்தது முன்னால் ஆடிய சின்னப் பெண்கள்தான். ஒன்றும் தெரியாமல் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பின்னால் நின்ற மூன்று பேரும் திரும்பவில்லை. இடைவேளைக்குள் நான்கு கோல் விழுந்தது. அவள் பிடித்தவற்றையும் தட்டிவிட்டவற்றையும் யாரும் கணக்கில் வைக்கவில்லை.

இடைவேளையில் அவள் நேராக அசோகனிடம் போனாள். மாஸ்டர் தண்ணீர்ப் பாட்டில்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார். தேவானை மற்றவர்கள் முன்னாலேயே கேட்டாள். அவர் அவளைத் தனியே கூப்பிட்டுப்போய்ச் சொன்னார். அடுத்த வருஷம் கடை அணிக்கு அவரே பயிற்சியாளர். பின்னால் ஆடும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போகிறார். ஒழுங்கான மைதானம், ஒழுங்கான சாப்பாடு. இந்த அணியை வைத்துக்கொண்டு அவர் இத்தனை வருஷம் என்ன கண்டார்? தேவானைக்கும் பட்டுப் பிரிவு என்று பேசியாயிற்றே, பிறகென்ன.

"அப்போ எல்லாருக்கும் தெரியும். எனுக்குதான் கடைசில சொன்னீங்க."

"நீ கத்துவன்னு தெரியும்மா" என்றார் அசோகன்.

வேம்பு மைதானக் கோட்டுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தேவானையைவிட ஏழெட்டு வயது சின்னவள், அதே பெரும்பாக்கத்தில் அடுத்த ப்ளாக். காலையில் இருவரும் ஒரே பேருந்தில்தான் வந்தார்கள். வழியெல்லாம் வேம்பு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேவானை அவள் முன்னால் போய் நின்றாள்.

"எனுக்கு அந்த எடம் வேணும்க்கா" என்றாள் வேம்பு, தலை நிமிராமல். "நீ நைட்டி விக்கிற. நான் வூடு வூடாப் போயி பாத்திரம் தேய்க்கிறேன். அங்க ஹாஸ்டல் குடுக்குறாங்க, மூணு வேளை சோறு. நீ புடிச்சா எனுக்கு இன்னா கெடைக்கும்?"

தேவானைக்குக் கோபம் இன்னும் ஏறியது. வேம்புவை அறைந்துவிடலாம்போல இருந்தது. நாற்காலியில் குளிர்கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த ராகேஷை அறையலாம்போல இருந்தது. ஒன்றும் செய்யாமல் போய்க் கோல் வாயில் நின்றாள்.

இரண்டாம் பாதியில் அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். முன்னால் யாருமே இல்லாததுபோல வைத்துக்கொண்டாள். பந்து வரும் முன்பே ஓடி வந்து காலடியில் விழுந்தாள். முழங்கை கட்டாந்தரையில் தேய்ந்து தோல் போனது. ஒரு பந்தை முகத்தால் தடுத்தாள், வேண்டுமென்று இல்லை, அங்கேதான் முகம் இருந்தது. கடை அணியின் ஸ்ட்ரைக்கர் மணிமொழி விழுப்புரம் பக்கத்துப் பெண். இந்த ஏற்பாடு எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு உயிரைக் கொடுத்து ஆடினாள். அவள் அடிக்க, இவள் தட்ட, அவள் மறுபடி அடிக்க என்று அந்த இரண்டு பேருக்குள் மட்டும் ஆட்டம் நடந்தது.

கால் மணி நேரம் மீதி இருக்கும்போது வேம்பு கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் கையை நீட்டிப் பந்தைத் தொட்டாள். பெனால்டி. தேவானை சரியான பக்கம்தான் பாய்ந்தாள். விரல் நுனியில் பட்டுப் பந்து உள்ளே போனது. ஐந்து. கடைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவன் பட்டாசுப் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினான்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவள் உடம்பில்தான் பட்டது. கடைசியாக ஒரு கார்னர். பந்து கூட்டத்துக்கு நடுவில் விழுந்து யார் காலிலோ பட்டு, கோல் கோட்டை நோக்கி உருண்டது. மணிமொழி காலை ஓங்கிக்கொண்டு வந்தாள். தேவானை அந்தக் காலுக்கும் பந்துக்கும் நடுவில் விழுந்தாள். ஷூ விலாவில் இறங்கியது. பந்து அவள் வயிற்றுக்கு அடியில் இருந்தது, கோட்டைத் தாண்டாமல். அவள் சுருண்டு அதன்மேல் கிடந்தாள். எழுந்திருக்கவில்லை.

ரெஃப்ரி ஓடிவந்து, அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். அப்படியானால் எழுந்திரு என்றார். அவள் கிடந்தாள். அவர் மஞ்சள் அட்டையை எடுத்தார்.

"அஞ்சு கோல் வாங்கிட்டு டைம் கடத்துறியேம்மா? யாரும் இப்படிப் பண்ணி நான் பாத்ததில்ல."

அவள் நிதானமாக எழுந்தாள். மூச்சு விட்டால் விலா குத்தியது. பந்தைக் கீழே போட்டு, அந்த வாரத்துக் கோபம் முழுவதையும் காலுக்குக் கொண்டுவந்து உதைத்தாள். பந்து நடுக்கோட்டைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, மதிலுக்கு மேலே பறந்து சாலையில் விழுந்தது. எங்கோ ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. இன்னொரு பந்து கொண்டுவருவதற்குள் ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதிவிட்டார்.

மந்தைவெளிப் பெண்கள் படிக்கட்டிலிருந்து கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். மணிமொழி கோல் வாயில் குப்புறக் கிடந்து அழுதாள். அந்த வருஷம் அவளைவிட அதிகமாகக் கோல் அடித்தவர்கள் இல்லை. தேவானை அவளைப் பார்த்தாள். அவள்மேல் கோபப்பட முடியவில்லை. பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்போதுதான் மந்தைவெளி அணித் தலைவி ஜெயஸ்ரீ வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். மயிலாப்பூர்ப் பெண், கண்ணெல்லாம் தண்ணீர். "உங்களை மறக்கவே மாட்டோம். இன்னிக்கு எங்காத்துல எல்லாரும் சேர்ந்து சாப்பிடறோம், நீங்க கட்டாயம் வரணும்" என்றாள்.

மந்தைவெளியோடு ஆடிய நாள் தேவானைக்கு நினைவிருந்தது. அந்த அணியில் ஒருத்தி, ஹவுசிங் போர்டு டீம், பையைப் பார்த்து வையுங்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். சிரித்தவர்களில் ஜெயஸ்ரீயும் இருந்தாள்.

"ஒங்குளுக்காகப் புடிக்கல" என்றாள் தேவானை. கையை எடுத்துவிட்டு நடந்தாள்.

பகுதிச் செய்தித்தாளில் மறுவாரம் நாலு வரி வந்தது. மந்தைவெளி சாம்பியன் என்றும், ராயப்பேட்டை ஸ்டார் ஐந்து கோல் வாங்கிப் படுதோல்வி என்றும் போட்டிருந்தார்கள். செந்தில்குமார் அதை அவள் கண்ணில் படாமல் கிழித்துப் போட்டான். ஆனால் கடையில் யாரோ காட்டிவிட்டார்கள்.

கடையில் அவளை வேலையைவிட்டுத் தூக்கவில்லை. தூக்கினால் ஏன் என்று கேள்வி வரும். வாசலில் வெயில் அடிக்கும் இடத்தில், வருகிறவர்களின் பையை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அதைச் சொல்ல வந்த அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "எனக்கு ஒம்மேல ஒண்ணும் இல்ல, கேட்டியா. மேல சொல்லுதாவ, நான் சொல்லுதேன்" என்றார். போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள் என்றாள் அவள்.

விலா ஆறியதும் அவள் லீக் அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் ஷாஹுல் ஹமீது மரியாதையாக உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆறாவது கோல் விழலியேம்மா. விழுந்திருந்தா கண்டிப்பா விசாரிச்சிருப்போம்."

"நான் புடிச்சேன் சார். அதனாலதான் வுழல."

"அதான் நல்லதாப் போச்சே. கோப்பை போக வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு. இதைக் கிளறினா பெண்கள் ஆட்டத்துக்கே கெட்ட பேரு."

அந்த அறையில் அவள் போட்ட சத்தம் கீழே டீக்கடை வரை கேட்டதாம். அவர்கள் திட்டம் தோற்றதால் குற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிட்டது. அவளே தடுத்து அவளே அவர்களைக் காப்பாற்றியதுபோல ஆகிவிட்டது. அது அவளுக்குத் தாங்கவில்லை. படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரில் குத்தி, விரல் வீங்கியதுதான் மிச்சம்.

தீபாவளிக்குப் பிறகு கடையை விட்டுவிட்டு மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடையில் சேர்ந்தாள். ராகேஷ் அடுத்த வருஷம் அணியைக் கலைத்துவிட்டான். அவனுக்கு இப்போது பிக்கிள்பால் என்ற புது மட்டையாட்டம் பிடித்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோர்ட் கட்டுகிறான். அசோகன் ராயப்பேட்டை ஸ்டாரையும் விட்டுவிட்டதால் அவருக்கு இரண்டுமே இல்லை. தேவானை திருவல்லிக்கேணியில் ஓர் அணிக்குப் போனாள். அவர்கள் உயரத்தை அளக்கவில்லை.

பங்குனி வெயிலில் ஒருநாள் பெரும்பாக்கம் பேருந்தில் வேம்பு ஏறினாள். பக்கத்து இருக்கைதான் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தாள். பிறகு வேம்பு சொன்னாள், "ஒன்னாலதான்க்கா. ஆறு வுட்டிருந்தா டீமு இருந்திருக்கும்."

"ஆறு வுட்டிருந்தா கப்ப வாங்கி ஷோகேஸ்ல வச்சிக்கினு பூட்டிருப்பான். ஒன்ன எங்க வச்சிருப்பான்?"

வேம்பு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் இன்னும் வீடு வீடாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். மேடவாக்கம் வரும்போது, திருவல்லிக்கேணியில் ஸ்டாப்பருக்கு ஆள் வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணும். தேடிக்கினுதான் கீறாங்க. ஆனா நான் சொல்ல மாட்டேன்."

"நானே போயிக் கேக்குறேன்."

"கேளு" என்றாள் தேவானை.

வேம்பு போய்க் கேட்டாள். எடுத்துக்கொண்டார்கள். அந்த சீசன் முழுக்க மைதானத்துக்கு வெளியே தேவானை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே பேருந்தில் வந்து, ஒரே நிறுத்தத்தில் இறங்கி, வேறு வேறு பக்கமாக நடந்தார்கள். மைதானத்துக்குள் மட்டும் விசில் ஊதியதிலிருந்து முடியும்வரை அவள் வேம்புவின் முதுகைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள்: லெஃப்ட்டுல வாரா, ஏறு, வுடாத, வுடாத.